ஜென்டூ நிறுவும்போது ரெடிமேட் கர்னலா, கைக்கம்பைல் கர்னலா? முழுமையான வழிகாட்டி

ஜென்டூ என்ற லினக்ஸ் விநியோகத்தை நிறுவுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம், இயங்குதளத்தின் மையமான கர்னல். வட்டைப் பிரித்தாயிற்று, அடிப்படை அமைப்பு அடங்கிய ஸ்டேஜ் 3 கோப்பை விரித்தாயிற்று, சிஎச்ரூட் கட்டளையால் அந்தப் புதிய அமைப்புக்குள்ளும் போயாயிற்று. அதுவரை கையேடு சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே வந்தால் போதும். கர்னல் பகுதிக்கு வந்ததும் கையேடு நம் கையில் முடிவைக் கொடுத்துவிடுகிறது: ஏற்கெனவே கம்பைல் ஆன கர்னலைப் போடுவதா, மூலநிரலை எடுத்து நம் கணினியிலேயே கம்பைல் செய்வதா?

நான் முதன்முதலில் ஜென்டூ போட்டபோது, கம்பைல் செய்யாவிட்டால் அது ஜென்டூவே இல்லை என்று நம்பினேன். கர்னலின் விருப்பங்களைத் தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக் திரையின் முன் மூன்று இரவுகள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துத் தேர்ந்தெடுத்தேன். நான்காம் இரவு ரீபூட் செய்ததும் கறுப்புத் திரையில் கர்னல் பேனிக், அதாவது கர்னல் மேலே ஓட முடியாமல் நின்றுவிடும் பிழை, வந்து நின்றது. தவறு செய்தது எனக்கு வருத்தமில்லை. தவறு எங்கே என்று கண்டுபிடிக்க வழியே இல்லாமல் போனதுதான் வருத்தம். பார்ட்டிஷன் பிழையா, பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுத்துப் பிழையா, கர்னலை ஏற்றும் கிரப்பின் அமைப்பா, கர்னலா? அந்தக் கணினியில் அதுவரை எதுவுமே ஒருமுறைகூட ஓடியதில்லை. எதை நம்பி எதைச் சந்தேகிப்பது?

அன்று கற்றதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். முதலில் ரெடிமேட் கர்னலை வைத்துக் கணினியை எழுப்புங்கள். கம்பைல் செய்ய ஆசையோ அவசியமோ இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கணினியில் உட்கார்ந்து செய்யுங்கள். பழைய கர்னலை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.

கட்டளைகளின் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கமான எழுத்திலேயே அடிக்க வேண்டும்.

ஜென்டூவில் இருக்கும் வழிகள்

ஜென்டூவில் கர்னலுக்கு முக்கியமாக மூன்று பேக்கேஜ்கள் உண்டு. மூன்றும் சிஸ்-கர்னல் பிரிவில் இருக்கின்றன.

ஜென்டூ-கர்னல்-பின் என்பது ரெடிமேட். ஜென்டூ திட்டத்தாரே கம்பைல் செய்து வைத்த கர்னலும் மாட்யூல்களும் (தேவைப்படும்போது கர்னலில் ஏறும் தனித்தனிப் பகுதிகள்) அப்படியே இறங்கும். சில நிமிட வேலை.

ஜென்டூ-கர்னல் என்பது அதே கர்னல், அதே அமைப்பு, ஆனால் கம்பைல் நடப்பது உங்கள் கணினியில். பேக்கேஜ் நிறுவும் எமெர்ஜ் கட்டளையைக் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு வேலை பார்க்கலாம். மெனுவைத் தொடவே வேண்டாம்.

ஜென்டூ-சோர்சஸ் என்பது வெறும் மூலநிரல். ஜென்டூவின் சில ஒட்டுகள் (பேட்ச்) சேர்த்த மூலநிரலை யுஎஸ்ஆர் அடைவுக்குள் இருக்கும் சோர்ஸ் அடைவில் கொண்டுவந்து வைக்கும், அவ்வளவுதான். அமைப்பது, கம்பைல் செய்வது, பூட் அடைவில் வைப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு.

கர்னலைத் தானாகக் கட்டித் தரும் ஜென்கர்னல் என்ற பழைய கருவியும் இன்னும் இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. அது செய்த வேலையை மேலே உள்ள முதல் இரண்டும் இன்று ஒழுங்காகச் செய்கின்றன.

ஜென்டூ 1.0 வெளிவந்தது 2002 மார்ச்சில். முதல் இரண்டு பேக்கேஜ்களும் எல்லோரும் பயன்படுத்தும் நிலைக்கு வந்துவிட்டதாக ஜென்டூ அறிவித்தது 2020 டிசம்பரில்தான். இடைப்பட்ட காலத்தில் ஜென்டூ போட்டவர்கள் கர்னலைக் கையால் அமைத்தோ ஜென்கர்னலை நம்பியோதான் பூட் செய்தார்கள். அதனால்தான் பழைய குறிப்புகளும் காணொளிகளும் நேராக மெனுகான்ஃபிக்கில் கொண்டுபோய் விடுகின்றன. அவற்றைப் பின்பற்றுவதற்கு முன் எந்த ஆண்டில் எழுதியது என்று பார்த்துவிடுங்கள். 2023 டிசம்பரிலிருந்து மற்ற மென்பொருள்களும் கம்பைல் ஆன வடிவில் பெரிய அளவில் கிடைக்கின்றன. ரெடிமேட் எடுப்பது ஜென்டூவுக்குச் செய்யும் துரோகம் என்ற பேச்சுக்கு இனி இடமே இல்லை.

"நானே கம்பைல் செய்தால் வேகம் கூடுமா?"

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. அன்றாடப் பயன்பாட்டில் நீங்கள் உணரும் அளவுக்குக் கூடாது. அதற்கான காரணம் தெரிந்தால் பல மணி நேரம் மிச்சமாகும்.

ரெடிமேட் கர்னலில் ஆயிரக்கணக்கான டிரைவர்கள் இருப்பது உண்மை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மாட்யூல்கள், வட்டில் தனித்தனிக் கோப்புகளாகத் தூங்குகின்றன. உங்கள் கணினியில் எந்த வன்பொருள் இருக்கிறதோ அதன் மாட்யூல் மட்டும் நினைவகத்தில் ஏறும். ஏறியிருக்கும் மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாட் கட்டளையை அடித்துப் பாருங்கள், நூறு முதல் இருநூறு வரிகளுக்குள் முடிந்துவிடும். மீதி எல்லாம் வட்டில் சில நூறு எம்பி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றால் வேகம் குறைவதில்லை.

"என் பிராசஸருக்கென்றே கம்பைல் செய்தால்?" என்பது அடுத்த கேள்வி. சாதாரண மென்பொருளில் இதற்குப் பொருள் உண்டு. கர்னல் விஷயம் வேறு. வெக்டார் கட்டளைகளை (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடுபவை) கர்னலுக்குள் கண்ட இடத்தில் பயன்படுத்த முடியாது. பயன்படுத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் மிதவைப்புள்ளி ரெஜிஸ்டர்களை ஒவ்வொரு முறையும் எடுத்து வைத்து, பிறகு திரும்ப வைக்க வேண்டியிருக்கும். ஆகவே கம்பைலர் அவற்றைத் தொடாதபடிதான் கர்னல் கம்பைல் ஆகிறது. குறியாக்கம், ரெய்டு (பல வட்டுகளை ஒன்றாக இணைப்பது) போன்ற கனமான இடங்களில் மட்டும் பிராசஸரைப் பார்த்து, அதற்கு ஏற்ற நிரலை ஓடும்போதே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. பூட் ஆகும் தருணத்தில் கர்னல் தன் சொந்த நிரலின் சில இடங்களை அந்தப் பிராசஸருக்குத் தகுந்தாற்போல் மாற்றி எழுதிக்கொள்ளவும் செய்கிறது. எங்கோ ஒரு சர்வரில் கம்பைல் ஆன கர்னல், உங்கள் கணினியில் எழும்போது உங்கள் பிராசஸருக்குத் தன்னைப் பொருத்திக்கொள்கிறது. எனக்கு இது இன்றும் வியப்பாக இருக்கிறது.

கம்பைல் செய்துதான் ஆக வேண்டும் என்று பலர் நினைக்கும் சில மாற்றங்களுக்குக் கம்பைலே வேண்டாம். பணிகளுக்கிடையே கர்னல் எவ்வளவு சீக்கிரம் மாற வேண்டும் என்பதை கர்னல் 5.12-லிருந்து, பூட் வரியில் (கிரப் கர்னலுக்குக் கொடுக்கும் விருப்பங்களின் வரி) பிரீஎம்ப்ட்=ஃபுல் என்று சேர்த்தே மாற்றலாம். டெஸ்க்டாப்பின் துடிப்புக்காகக் கம்பைல் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கட்டும். ஓடும் கர்னலிலேயே மாற்றக்கூடிய சிஸ்கன்ட்ரோல் மதிப்புகளும் மாட்யூல்களுக்குக் கொடுக்கும் விருப்பங்களும் அப்படித்தான்.

முதல் நாள்: ரெடிமேட் கர்னலில் பூட் ஆகும் வரை

சிஎச்ரூட்டுக்குள் இருக்கிறீர்கள், ஜென்டூவின் பேக்கேஜ் நிர்வாகியான போர்டேஜைப் புதுப்பித்தாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஃபர்ம்வேர், அதாவது வன்பொருளுக்குள் ஏற்ற வேண்டிய சிறு நிரல்கள். லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜைப் போடுங்கள். போர்டேஜ் இதை உடனே ஏற்காது. உரிமத்தை ஒப்புக்கொண்டதாக இடிசி அடைவின் போர்டேஜ் பகுதியில் உள்ள பேக்கேஜ்-லைசன்ஸில் ஒரு வரி எழுத வேண்டும். பலர் இந்த இடத்தில் சலித்துப்போய்ப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டிவிடுகிறார்கள். தாண்டினால் முதல் பூட்டில் பெரும்பாலும் வைஃபை இருக்காது. கேபிள் இணைப்பும் இல்லாத லேப்டாப்பில் ஃபர்ம்வேரை இறக்கவே வழியிருக்காது, மறுபடி யுஎஸ்பியிலிருந்து எழுப்பி உள்ளே போக வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் அதற்கான திருத்த நிரலான இன்டெல்-மைக்ரோகோட் பேக்கேஜையும் சேர்த்துப் போடுங்கள். ஏஎம்டிக்கான மைக்ரோகோட் லினக்ஸ்-ஃபர்ம்வேருக்குள்ளேயே வந்துவிடுகிறது.

இரண்டாவது, இன்ஸ்டால்கர்னல் என்ற சிறிய பேக்கேஜ். கர்னல் எந்த வழியில் வந்தாலும் அதைப் பூட் அடைவில் வைப்பது, இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் தற்காலிகக் கோப்பு முறைமை) உண்டாக்குவது, கிரப் பட்டியலைப் புதுப்பிப்பது எல்லாம் இதன் வேலை. இதற்கு டிராகட் (இனிட்ராம்எஃப்எஸ் உண்டாக்கும் கருவி), கிரப் என்ற இரண்டு யூஸ் கொடிகளை (எந்த வசதி வேண்டும் என்று சொல்பவை) பேக்கேஜ்-யூஸ் கோப்பில் கொடுத்துவிடுங்கள். இந்தக் கொடிகள் இருந்தால்தான் கர்னலோடு இனிட்ராம்எஃப்எஸ்ஸும் உண்டாகும், கிரப் பட்டியலும் புதுப்பிக்கப்படும். ரெடிமேட் கர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் ஆகாது. வட்டின் டிரைவரும் கோப்பு முறைமையின் டிரைவரும் அதில் மாட்யூல்களாக இருக்கலாம். அந்த மாட்யூல்கள் இருப்பதோ ரூட் பார்ட்டிஷனில். பூட்டிய வீட்டுக்குள் சாவி இருப்பதுபோல. அந்தச் சாவியை முன்கூட்டியே வெளியே எடுத்துத் தருவதுதான் இனிட்ராம்எஃப்எஸ்.

மூன்றாவதாக ஜென்டூ-கர்னல்-பின்னை எமெர்ஜ் செய்யுங்கள். முடிந்ததும் பூட் அடைவைப் பட்டியலிட்டுக் கண்ணால் பாருங்கள். கர்னல் கோப்பும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பும் ஒரே பதிப்பு எண்ணோடு இருக்க வேண்டும். பூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்ய மறந்துவிட்டு, ரூட் பார்ட்டிஷனில் உள்ள வெற்று அடைவில் எல்லாவற்றையும் எழுதிவிட்டுத் தேடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபைண்ட்மவுண்ட் கட்டளை ஒரு நொடியில் அதைச் சொல்லிவிடும்.

பிறகு எஃப்எஸ்டேப், ரூட் கடவுச்சொல், கிரப் என்று கையேட்டின் மீதியை முடித்து ரீபூட் செய்யுங்கள்.

எழுந்ததா? யூனேம் கட்டளையில் ஆர் விருப்பம் கொடுத்தால் பதிப்பு எண்ணோடு ஜென்டூ-டிஸ்ட் என்ற வால் தெரியும். வைஃபை, ஒலி, திரை வெளிச்சம், லேப்டாப்பை மூடித் திறந்தால் விழித்தெழுவது எல்லாவற்றையும் சோதியுங்கள். இனி எது பழுதானாலும் ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் ஒரு நல்ல நிலை இருக்கிறது.

இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பலருக்கு இதுதான் சரியான முடிவு. பாதுகாப்புத் திருத்தங்கள் ஸ்டேபிள் கர்னலுக்கு ஏறத்தாழ வாரம் ஒருமுறை வருகின்றன. ரெடிமேட் கர்னல் வைத்திருப்பவர் வழக்கமான புதுப்பித்தலோடு அவற்றைப் பெற்றுவிடுகிறார். கையால் கம்பைல் செய்கிறவர் ஒவ்வொரு முறையும் தானே உட்கார வேண்டும். இரண்டு மாதம் கழித்து உட்காரப் பொழுது இருக்குமா என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

கம்பைல் செய்யும் நாள்

குறைந்தது ஒரு வாரம் ரெடிமேட் கர்னலில் வேலை செய்த பிறகு இதற்கு வாருங்கள். அந்த வாரத்தில் உங்கள் பிரின்டர், ப்ளூடூத் ஹெட்செட், வெளி வட்டு எல்லாவற்றையும் ஒருமுறையாவது செருகியிருப்பீர்கள். காரணம் கொஞ்சத்தில் புரியும்.

ஜென்டூ-சோர்சஸ் பேக்கேஜை எமெர்ஜ் செய்யுங்கள். ஈசெலக்ட் கருவியின் கர்னல் பகுதியில் பட்டியலைப் பார்த்துப் புதிய மூலநிரலைத் தேர்ந்தெடுத்தால், சோர்ஸ் அடைவில் லினக்ஸ் என்ற இணைப்பு அதைச் சுட்டும். அந்த அடைவுக்குள் போங்கள்.

வெறும் மெனுவிலிருந்து தொடங்காதீர்கள். நான் முன்பு இழந்த மூன்று இரவுகளும் அதில்தான் போயின. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் அமைப்புக் கோப்பு பூட் அடைவில் கான்ஃபிக் என்று தொடங்கும் பெயரில் இருக்கிறது. அதை மூலநிரல் அடைவுக்குள் புள்ளி-கான்ஃபிக் என்ற பெயரில் நகலெடுங்கள். அடுத்து மேக் லோக்கல்மாட்கான்ஃபிக். இது எல்எஸ்மாட் பட்டியலைப் படித்து, இப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடும். ஆயிரக்கணக்கில் இருந்தது சில நூறாகச் சுருங்கும். என் நாலு கோர் பழைய லேப்டாப்பில் முழு அமைப்பு கம்பைல் ஆக இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. சுருக்கிய பின் கால் மணி நேரத்தில் முடிந்தது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இந்தக் கட்டளையை ஓட்டும் நொடியில் ஏறியிராத மாட்யூல் எல்லாம் போய்விடும். அன்று யுஎஸ்பி வட்டைச் செருகவில்லை என்றால் அதன் டிரைவர் இருக்காது. எக்ஸ்எஃப்ஏடி வடிவப் பென்டிரைவ், விபிஎன், கன்டெய்னர்களுக்கு வேண்டிய நெட்வொர்க் மாட்யூல்கள், ஃபயர்வால் விதிகள், போனை மோடமாகப் பயன்படுத்தும் வசதி எல்லாம் இப்படித்தான் காணாமல் போகும். ஆகவே ஓட்டுவதற்கு முன் எல்லாச் சாதனங்களையும் செருகி, விபிஎன்னை இணைத்து, ஒரு கன்டெய்னரையும் எழுப்பிவிடுங்கள். எல்எஸ்பிசிஐ கட்டளையில் கே விருப்பம் கொடுத்தால் எந்த வன்பொருளை எந்த டிரைவர் ஓட்டுகிறது என்று தெரியும். அந்த வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள், பிறகு கைகொடுக்கும்.

அடுத்து மேக் மெனுகான்ஃபிக். இப்போது எல்லா வரியையும் படிக்கத் தேவையில்லை. சாய்கோட்டு விசையை அழுத்தினால் தேடல் வரும். கிடைத்த முடிவின் பக்கத்தில் உள்ள எண்ணை அழுத்தினால் நேராக அந்த இடத்துக்கே போய்விடலாம். சில இடங்களை மட்டும் பாருங்கள்.

ஜெனரல் செட்டப்பில் லோக்கல் வெர்ஷன் என்ற பெட்டி. இதில் உங்களுக்கென்று ஒரு வால் கொடுங்கள். பெயர் வைக்கும் ஆசைக்காகச் சொல்லவில்லை. மாட்யூல்கள் பதிப்பின் முழுப் பெயருள்ள அடைவில் போய் உட்காருகின்றன. ஒரே பெயரில் அமைப்பை மாற்றி இரண்டாம் முறை கம்பைல் செய்தால் புதிய மாட்யூல்கள் பழையவற்றின் மேல் எழுதப்படும். மீட்புக்கென்று வைத்திருந்த பழைய கர்னல் தன் மாட்யூல்களைத் தேடி வரும்போது அங்கே அந்நியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வால் பகுதியில் 1, 2, 3 என்று எண்ணும் சேர்த்து, ஒவ்வொரு முயற்சிக்கும் கூட்டிக்கொண்டே போவது என் வழக்கம்.

வட்டு டிரைவரும் ரூட் கோப்பு முறைமையும். என்விஎம்இ என்றால் அதன் பிளாக் டிவைஸ் டிரைவர், சாட்டா என்றால் ஏஎச்சிஐ, ரூட் பார்ட்டிஷன் எக்ஸ்ட்4 என்றால் அது. இவற்றுக்கு எம் எழுத்துக்குப் பதில் நட்சத்திரம் வையுங்கள். எம் என்றால் மாட்யூல், நட்சத்திரம் என்றால் கர்னலுக்குள்ளேயே இருக்கும். இனிட்ராம்எஃப்எஸ் இருந்தால் மாட்யூலாகவும் இருக்கலாம். ஆனால் இனிட்ராம்எஃப்எஸ் கெட்டுப்போன நாளில் நட்சத்திரம் காப்பாற்றும். சாதனக் கோப்புகளுக்கான டெவ்டிஎம்பிஎஃப்எஸ்-ஐ கர்னலே தானாக மவுண்ட் செய்யும் விருப்பமும் இயக்கத்தில் இருக்கட்டும்.

கிராபிக்ஸ் விஷயத்தில் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். ஏஎம்டி கிராபிக்ஸ் டிரைவரை ஆர்வத்தில் நட்சத்திரம் ஆக்கிவிட்டு, கறுப்புத் திரையோடு போராடுகிறவர்கள் உண்டு. கர்னலுக்குள் இருக்கும் டிரைவர் மிகச் சீக்கிரமே விழித்து ஃபர்ம்வேரைக் கேட்கும். ஃபர்ம்வேர் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் அப்போது மவுண்ட் ஆகியிருக்காது. ஃபர்ம்வேர் தேவைப்படும் டிரைவர்களை, வைஃபை உட்பட, எம் என்றே விட்டுவிடுங்கள்.

டீபக் தகவல். விநியோகங்களின் அமைப்பில் இது பெரும்பாலும் இயக்கத்தில் இருக்கும். கம்பைல் நடக்கும்போது பல ஜிபி இடத்தை விழுங்குவது இதுதான். அணைத்தால் நேரமும் இடமும் கணிசமாகக் குறையும். ஓடும் கர்னலின் உள்ளே பார்க்கும் பிபிஎஃப்டிரேஸ் போன்ற கருவிகளைப் பயன்படுத்துகிறவர்கள் மட்டும் பிடிஎஃப் (பிபிஎஃப் டைப் ஃபார்மட், ஆவண வடிவம் அல்ல) தகவலோடு அதை வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பாஹோல் என்ற கருவியும் நிறுவியிருக்க வேண்டும்.

சேமித்து வெளியே வந்து மேக் கட்டளையை ஜே விருப்பத்தோடு கொடுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்பதற்கு, கோர் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் நினைவகத்தையும் பாருங்கள். வேலை ஒன்றுக்கு 2 ஜிபி என்று கையேடு கணக்குச் சொல்கிறது. 8 ஜிபி லேப்டாப்பில் நாலுக்கு மேல் போகாதீர்கள்.

முடிந்ததும் மேக் மாட்யூல்ஸ்-இன்ஸ்டால், அதன் பிறகு மேக் இன்ஸ்டால். இந்த வரிசை முக்கியம். மேக் இன்ஸ்டால் ஓடும்போது இன்ஸ்டால்கர்னல் டிராகட்டை அழைக்கும். மாட்யூல்கள் அதற்கு முன்பே இடத்தில் இருந்தால்தான் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேரும். என்விடியா டிரைவர், இசட்எஃப்எஸ் போன்ற வெளி மாட்யூல்கள் வைத்திருப்பவர்கள் எமெர்ஜுக்கு மாட்யூல்-ரீபில்ட் என்ற தொகுதியைக் கொடுத்து அவற்றையும் புதிய கர்னலுக்கு மறுபடி கட்ட வேண்டும். ரூட்டே இசட்எஃப்எஸ் என்றால் இதை மேக் இன்ஸ்டாலுக்கு முன் செய்ய வேண்டும். கையொப்பமிட்ட கர்னலை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் நீங்கள் கட்டிய கர்னலில் உங்கள் சாவியால் கையொப்பம் இட வேண்டும். முதல் முயற்சியில் அதை அணைத்து வைத்துவிடுவதே நல்லது.

ரீபூட் செய்து, கிரப் பட்டியலின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் பகுதியில் புதிய கர்னலை நீங்களே தேர்ந்தெடுங்கள். எழுந்ததும் டிமெசேஜ் கட்டளையில் பிழைகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். முன்பு சேமித்த எல்எஸ்பிசிஐ வெளியீட்டை எடுத்து, அதே வன்பொருள்களுக்கு அதே டிரைவர்கள் அமர்ந்திருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். டிஃப் கட்டளை போதும்.

தொலைவில் இருக்கும் சர்வரில் இதைச் செய்கிறீர்கள் என்றால் இரண்டு காப்புகள் போட்டுவிடுங்கள். பூட் வரியில் பேனிக்=30 என்று சேர்த்தால் பேனிக் ஆன 30 விநாடியில் தானே ரீபூட் ஆகும். கிரப்பின் இயல்புத் தேர்வைச் சேவ்டு என்று வைத்து, பழைய கர்னலை இயல்பாக்கி, கிரப்-ரீபூட் கட்டளையால் புதியதை ஒரே ஒரு முறைக்கு மட்டும் தேர்ந்தெடுங்கள். புதியது விழுந்தால் அடுத்த முறை பழையதே எழும்.

பேனிக் திரையை வாசிப்பது

விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்(0,0). என் நான்காம் இரவுத் திரையில் இருந்த வரி இது. அன்று எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை. பதில் அந்த அடைப்புக்குறிக்குள்ளேயே இருந்தது.

அந்த இரண்டு எண்களும் வட்டின் அடையாள எண்கள். 0,0 என்றால் கர்னலுக்கு வட்டே கண்ணில் படவில்லை. வட்டு டிரைவர் இல்லை, அல்லது இனிட்ராம்எஃப்எஸ் ஏறவில்லை, அல்லது பூட் வரியில் ரூட் முகவரி தவறு. பார்ட்டிஷனை யுயுஐடியால் குறிப்பிட்டிருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கோப்பு முறைமையின் யுயுஐடியை இனிட்ராம்எஃப்எஸ்தான் புரிந்துகொள்ளும், கர்னலுக்குத் தானாகத் தெரியாது. இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் பூட் செய்கிறவர்கள் பார்ட்யுயுஐடி கொடுக்க வேண்டும்.

எண்கள் 0,0 ஆக இல்லாமல் 8,2 என்றோ 259,3 என்றோ வந்தால் வட்டு தெரிகிறது, பார்ட்டிஷனும் தெரிகிறது என்று பொருள். அதன்மேல் இருக்கும் கோப்பு முறைமையைப் படிக்கத்தான் டிரைவர் இல்லை. எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் விடுபட்டிருக்கும். பேனிக் வரிக்குக் கொஞ்சம் மேலே, கர்னல் தனக்குத் தெரிந்த பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும். அங்கே உங்கள் வட்டின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பழைய கர்னலில் எழுந்து நிதானமாக வாசிக்கலாம்.

அந்த இரவில் நான் ஏஎச்சிஐ டிரைவரை விட்டிருந்தேன். ஒரே ஒரு வரி.

நடுவழி: நான் இன்று பயன்படுத்துவது

இரண்டு மூன்று அமைப்புகள் மட்டும் வேறாக வேண்டும், ஆனால் வாரா வாரம் கையால் கட்ட முடியாது என்றால் ஜென்டூ-கர்னல் பேக்கேஜுக்கு வாருங்கள். இடிசி அடைவில் கர்னல் என்ற அடைவு, அதற்குள் கான்ஃபிக்-புள்ளி-டி என்ற அடைவு. அங்கே புள்ளி-கான்ஃபிக் என்று முடியும் சிறு கோப்பில் உங்களுக்கு வேண்டிய வரிகளை மட்டும் எழுதி வைத்தால், ஒவ்வொரு முறை கர்னல் புதுப்பிக்கப்படும்போதும் விநியோகத்தின் அமைப்புக்கு மேல் அவை சேர்ந்து கம்பைல் ஆகும். என் கோப்பில் ஐந்தே வரிகள்தான். புது வன்பொருள் வாங்கினால் அதன் டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது. திருத்தங்கள் தானாக வருகின்றன. என் விருப்பமும் நிற்கிறது. கைக்கம்பைலின் பயனில் முக்கால்வாசி இதிலேயே கிடைத்துவிடுகிறது. விலை கம்பைல் நேரம் மட்டும்தான்.

டெபியன்காரர்களுக்கும் ஆர்ச்காரர்களுக்கும் சுருக்கமாக. டெபியனில் மேக் பின்டெப்-பிகேஜி கொடுத்தால் நீங்கள் கட்டிய கர்னல் டெப் பேக்கேஜ்களாகவே வந்துவிடும், போடவும் எடுக்கவும் எளிது. விநியோகத்தின் அமைப்புக் கோப்பை நகலெடுத்துத் தொடங்கும்போது சான்றிதழ்க் கோப்பு ஒன்றைக் காணோம் என்று கம்பைல் நின்றால், சிஸ்டம் டிரஸ்டட் கீஸ் என்ற பெட்டியைக் காலியாக்குங்கள். அது டெபியனின் சொந்தச் சான்றிதழ், உங்களிடம் இருக்காது. ஆர்ச்சில் லினக்ஸ், லினக்ஸ்-எல்டிஎஸ் இரண்டு பேக்கேஜ்களையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று விழுந்தால் மற்றது எழுப்பும்.

கம்பைல் செய்தே ஆக வேண்டிய இடங்கள்

இதுவரை படித்தால் நான் கம்பைலுக்கு எதிரி என்று தோன்றலாம். அப்படியில்லை. உடனடி நேரத்துக்கான பிரீஎம்ப்ட்-ஆர்டி, பல ஆண்டுகள் தனி ஒட்டாக இருந்து 2024-இல் 6.12-ஓடு முதன்மைக் கர்னலில் சேர்ந்தது. ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கும் இயந்திரங்களைக் கட்டுப்படுத்துகிறவர்களுக்கும் அது வேண்டுமென்றால் அந்த அமைப்போடு கட்டிய கர்னல் வேண்டும். இன்னும் கர்னலில் சேராத ஒட்டு ஒன்றுதான் உங்கள் புது லேப்டாப்பின் டச்பேடை எழுப்பும் என்றாலும் அப்படித்தான். நினைவகம் மிகக் குறைந்த சிறு பலகைகளுக்கும் தேவைப்படும்.

எனக்கு மிகப் பிடித்த காரணம் வேறு. ஒரு நாள் கர்னலைப் புதுப்பிக்கிறீர்கள், அதன் பிறகு லேப்டாப் தூக்கத்திலிருந்து எழுவதில்லை. பழைய பதிப்பில் எழுகிறது. இரண்டு பதிப்புகளுக்கும் இடையே 13,000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள். எந்த மாற்றம் உங்கள் லேப்டாப்பைக் கெடுத்தது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்த லேப்டாப் உங்களிடம்தான் இருக்கிறது. கிட் பைசெக்ட் கட்டளை நடுவில் உள்ள மாற்றத்தை எடுத்துக் கொடுக்கும். கட்டி, எழுப்பி, மூடித் திறந்து பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் பாதி கழியும். 16,000 மாற்றங்கள் என்றாலும் 14 முறை கட்டினால் ஒற்றை மாற்றத்தில் போய் நிற்கும். லோக்கல்மாட்கான்ஃபிக்கால் சுருக்கிய அமைப்பு கையில் இருந்தால் ஒரு சனி, ஞாயிறுக்குள் முடிகிற வேலை. அந்த மாற்றத்தின் அடையாள எண்ணோடு கர்னல் அஞ்சல் பட்டியலுக்கு எழுதினால், அந்தப் பகுதியைப் பராமரிப்பவர்கள் அக்கறையோடு பார்ப்பார்கள். அதே மாடல் லேப்டாப் வைத்திருக்கும் எல்லோருக்கும் திருத்தம் போய்ச் சேரும்.

கட்டிய பிறகு பராமரிப்பு

புதிய பதிப்பின் மூலநிரல் வந்ததும் பழைய புள்ளி-கான்ஃபிக்கை நகலெடுத்து மேக் ஓல்டுகான்ஃபிக் கொடுங்கள். புதிதாகச் சேர்ந்த விருப்பங்களை மட்டும் கேட்கும். புரியாத கேள்விக்கு என்டர் அழுத்தினால் இயல்பான பதிலே போதும். கையால் கட்டுகிறவர்கள் நீண்ட காலம் பராமரிக்கப்படும் எல்டிஎஸ் பதிப்பிலேயே இருப்பது நல்லது, 6.12 அப்படிப்பட்ட ஒன்று. ஒரே தொடருக்குள் மாறும்போது புதிய கேள்விகள் அநேகமாக வராது.

எமெர்ஜின் டெப்கிளீன் பழைய ஜென்டூ-சோர்சஸ் பேக்கேஜை எடுத்துவிடும், ஆனால் நீங்கள் கட்டிய கோப்புகளைத் தொடாது. பூட் பார்ட்டிஷன் நிறைந்துகொண்டே வரும். நிறைந்துவிட்டால் அடுத்த இனிட்ராம்எஃப்எஸ் பாதியில் அறுந்து நிற்கும். ஈகிளீன்-கர்னல் கருவியில் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். ஓட்டுவதற்கு முன் பிரிடெண்ட் விருப்பம் கொடுத்து எதை அழிக்கப்போகிறது என்று பட்டியலைப் பாருங்கள். அதில் ஜென்டூ-டிஸ்ட் வால் உள்ள கர்னல் இருந்தால் என்டர் அழுத்தாதீர்கள்.